குண்டர் படங்களும் குடிப்பவன் பங்கும்

சினிமா பார்த்து இளைஞர் கெட்டனர் என்னும் கூற்றுக்குச் சினிமாவின் வயதே வயது. அங்ஙனம் கெடுப்பனவற்றுள் முதலிடம் குண்டர் படங்களுக்கே தரப்பட்டு வருகிறது. சங்கரன்கோவிலிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் பாளையங்கோட்டைக்கு வரும் நம் மாணவர் சிலர், பழைய அமெரிக்கப் படமொன்றைக் கைப்பேசியிற் பார்த்து முடிப்பதற்கு அப்பயண நேரமே போதுமானதெனக் கண்டிருக்கின்றனர். வண்டியினின்று இறங்கும்போது அவர்தம் நடையிற் சிறிது மாற்றம் தோன்றுவதும் உண்டு. அது சிறிது நேரமே நிற்கும் மாற்றமாதலின் அஞ்சத்தக்கதன்று. நாம் இப்படங்களை வெறுப்பவர் அல்லோம், விரும்பிப் பார்ப்பவரே. ஆயினும் அவற்றின் மேல் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அது பெரியோர் வழக்கமாகத் தொடுக்கும் வழக்கன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. நாட்டின் அரசியற் சட்டத்தையே பதினெட்டாம் முறையாகத் திருத்தி, மதுவைக் காய்ச்சுதல், விற்றல், கொண்டு செல்லுதல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றை விலக்கினர். அச்சட்டத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும்: குடித்தலை அது விலக்கவில்லை. வாங்கிக் குடிப்பவன் சட்டத்தின் முன் கைகழுவி நின்றான், விற்றவனே குற்றவாளியானான். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இருபத்தோராம் திருத்தம் நிறைவேறி மதுவிலக்கு நீங்குமளவும், ஏறத்தாழப் பதினான்காண்டுகள் நிலைமை இதுவே. சிகாகோ நகரில் அல் கபோன் பெருந்தனக்காரனானதும், 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அந்நகரின் ஒரு கொட்டகையில் எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதும் இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தவை. கபோனை இறுதியிற் சிறைக்கு அனுப்பியது கொலைக் குற்றமன்று; 1931-இல் நிறுவப்பட்ட வருமானவரி ஏய்ப்பே.

இச்செய்திகள் நாளேட்டில் ஈரம் உலராதிருக்கும்போதே படங்களாயின. மெர்வின் லிராய் இயக்கி எட்வர்டு ஜி. ராபின்ஸன் நடித்த 'லிட்டில் சீஸர்', வில்லியம் வெல்மன் இயக்கி ஜேம்ஸ் காக்னி நடித்த 'பப்ளிக் எனிமி' இரண்டும் 1931-இல் வெளிவந்தன. ஹோவர்டு ஹாக்ஸ் இயக்கத்திற் பால் மியூனி நடித்த 'ஸ்கார்ஃபேஸ்' 1932-இல் வந்தது. பேசும்படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கார் சக்கரத்தின் கிரீச்சொலியும் மெஷின் துப்பாக்கியின் முழக்கமும் கொட்டகையை அதிரச் செய்தபோது, மக்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தனர்.

அந்நாட்டுப் பெரியோர் கொதித்தெழுந்தனர். குண்டனுக்குப் பெருமை சேர்க்கின்றீர்கள் என்று அவர்கள் குறைகூறப் படமெடுப்போர் கூறிய விடை ஒன்றே: 'இறுதியில் அவன் சாகின்றானே!' தணிக்கையாளர்க்கு அதுவும் போதவில்லை. 'ஸ்கார்ஃபேஸ்' படத்திற்கு 'நாட்டின் இழுக்கு' என்று ஒரு துணைப்பெயர் ஒட்டினர். கதாநாயகன் போலீஸார் துப்பாக்கிக்கு இரையாகும் முடிவை மாற்றி, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுத் தூக்கிலேறுவதாக வேறொரு முடிவும் எடுத்து வைத்தனர். 1934-இல் ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் கண்டிப்பாக அமலாக்கப்பட்டபின், மறு ஆண்டே காக்னி 'ஜி மென்' என்னும் படத்தில் அரசாங்கத் துப்பறிவாளராய் வந்து நின்றார். துப்பாக்கி அதுவே, முகமும் அதுவே.

கடைசிச் சுருளில் நிகழும் இச்சாவினால் ஒழுக்கம் காக்கப்படுகிறது என்பதை நாம் ஒப்போம். எண்பது நிமிடம் அரசனைப்போல் வாழ்ந்து இரண்டு நிமிடத்தில் வீரனைப்போல் மடிபவனைக் கண்டு அஞ்சும் இளைஞன் எவன்? நம் வழக்கு அதுவன்று என்றோம். குண்டனை அழகாகக் காட்டினர் என்பதன்று நம் குறை. அவனுக்குக் காசு கொடுத்தவனைக் காட்டவில்லை என்பதே குறை. 'லிட்டில் சீஸ'ரின் ரிக்கோ, உயர்நிலையில் உள்ளவரையில் மதுவைத் தொடாதவன். அவன் கூட்டத்தார் கொள்ளையடிக்கின்றனர், சுடுகின்றனர், விருந்துண்கின்றனர். இத்துணைச் செல்வத்தையும் காசுகாசாக எண்ணித் தந்த ஊராரோ நிழலாகவும் தோன்றுவதில்லை. சட்டம் யாரை விட்டதோ அவனைப் படமும் விட்டது.

இதற்கு ஒரு விலக்குண்டு. அதனாலேயே 'பப்ளிக் எனிமி'யை மற்றிரண்டினும் மேலாக மதிக்கின்றோம். மதுவிலக்கு அமலாவதற்கு முன்னிரவு அப்படத்திற் காட்டப்படுகிறது. கடைவாயிலிற் கூட்டம். நன்றாக உடுத்த கனவான்களும் சீமாட்டிகளும் அள்ள அள்ளப் புட்டிகளைச் சுமந்து செல்கின்றனர். பூக்கடை வண்டியிலிருந்து பூக்களை வீசியெறிந்துவிட்டு மதுவை ஏற்றுகின்றனர். ஒரு தம்பதி குழந்தையின் தள்ளுவண்டியிற் புட்டிகளை நிரப்பித் தள்ளிப் போகின்றனர். சில நொடிகளே நிற்கும் காட்சி. அதில் ஒரு குண்டனும் இல்லை, ஒரு துப்பாக்கியும் இல்லை. பின்னர் வரும் கொலைகளெல்லாம் எவர் பணத்தில் நடந்தன என்பதை அத்தள்ளுவண்டி சொல்லிவிடுகிறது. அப்படத்திலேயே, உணவு மேசையின் நடுவே வைத்த பீர்ப் பீப்பாயைக் கண்டு, போரினின்று மீண்ட தமையன், இதிற் கலந்திருப்பது மனித இரத்தம் என்று சீறித் தூக்கியெறிவான். தம்பி ஈட்டிய பணத்தின்மேல் தமையனுக்கெழுந்த சினம் அது. குடிப்பவன் கோப்பையில் அவ்விரத்தத்தைக் கண்ட கதை மாந்தர் இவர் ஒருவரே போலும்.

படங்கள் காட்டாத இறப்பு வேறொன்றும் உண்டு. தொழிற்சாலைகளுக்குரிய ஆல்கஹாலை எவரும் குடியாதிருக்கும்பொருட்டு அதில் மெதனால் முதலிய நஞ்சுகளைக் கலக்க அமெரிக்க அரசாங்கம் ஆணையிட்டிருந்தது. களவாணிகள் அதைத் திருடி, அரைகுறையாகத் தூய்மை செய்து விற்றனர். குடித்தோருட் பலர் கண்ணிழந்தனர், பலர் உயிரிழந்தனர். மெஷின் துப்பாக்கியின் முழக்கம் இச்சாவில் இல்லை. ஆகவே அது திரைக்கு ஏற்காமற் போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். இராஜாஜி மந்திரிசபை 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவி, நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. 1971-இல் தமிழக அரசு அதை ஒத்திவைக்குமளவும் இருந்தது. சென்னைச் சட்டம் அமெரிக்கச் சட்டம்போல் அன்று; வாங்குதலையும் குடித்தலையுமே அது குற்றமாக்கிற்று. சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசற் பூமியில் வளர்ந்தார்க்குப் பனை புதிதன்று. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிடில் அதுவே புளித்துக் கள்ளாகும். ஒரே மரம், ஒரே கலயம். ஒரு பூச்சுச் சுண்ணாம்பே குற்றவாளியையும் குடியானவனையும் பிரித்தது. சிகாகோவின் படாடோபம் இங்கே ஏது? இங்கு ஓடையோரத்து முட்புதரும், வேலம்பட்டையும் வெல்லமும் ஊறும் பானையும், நள்ளிரவில் எழும் புகையுமே கண்டோம்.

நம் படங்களும் நம் சட்டத்தின் வழியே சென்றன. 1949-இல் வந்த 'நல்லதம்பி'க்கு வசனம் எழுதியவர் சி. என். அண்ணாதுரை, கதை ஓர் அமெரிக்கப் படத்தைத் தழுவியது. அதிற் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தமக்கே உரிய நகைச்சுவையோடு மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். அங்கே திருந்த வேண்டியவன் குடிப்பவன். அவனுக்கு ஊற்றிக் கொடுத்துக் கொழுத்தவன் யார், அவனுக்குத் துணைநின்ற அதிகாரி யார் என்ற கேள்விகள் எழவில்லை. அமெரிக்கர் விற்றவனைக் காட்டி வாங்கியவனை மறைத்தனர். நாமோ வாங்கியவனைத் திட்டி விற்றவனை மறைத்தோம்.

அக்குறையைத் தீர்க்கும் தகுதியுடைய கதை ஒன்று தமிழர்க்குப் பின்னர் வாய்த்தது. வரதராஜ முதலியார் தமிழ்நாட்டினின்று பம்பாய் சென்று, விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திற் கூலியாயிருந்து, மதுவிலக்கு அமலிலிருந்த அந்நகரிற் கள்ளச்சாராயத் தொழிலால் உயர்ந்தவர். தாராவி, மாதுங்கா வாழ் தமிழர் பலர்க்கு அவர் காவலராகவும் விளங்கினார். மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' இவர் வாழ்வைத் தழுவி 1987-இல் வெளிவந்தது. கமல்ஹாசனுக்கு நடிப்பிற்கும், பி. சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவிற்கும், தோட்டா தரணிக்குக் கலையமைப்பிற்கும் தேசிய விருதுகள் கிட்டின. அவை தகுதியால் வந்தவையே. தூத்துக்குடியிலிருந்து ஓடிப்போன சிறுவன் வேலு நாயக்கராகும் வரலாறு, நம் பக்கத்துப் பார்ப்பவர்க்கு அயலார் கதையாகத் தோன்றாது.

ஆனால் திரையில் வேலு நாயக்கர் கடத்தற்காரராகவே முன் நிற்கின்றார். துறைமுகத்துச் சரக்கு கைமாறுகிறது; சாராயம் பின்னே ஒதுங்கிவிட்டது. இது சிறு மாற்றமன்று. கடத்தற் பொருளை வாங்குவோர் எங்கோ வாழும் செல்வர். பொருள் அவர்களிடமிருந்து ஏழைக்குப் பாய்கின்றது போலும் என்று பார்ப்போர் மனம் ஆறுதல் கொள்ளும். கள்ளச்சாராயத்தை வாங்கியவர் அங்ஙனம் எங்கோ வாழ்ந்தவர் அல்லர். ஆலைத் தொழிலாளரும், சுமை தூக்குவோரும், தோல் பதனிடுவோருமே. காவலர் கொடுத்த கலியாணச் செலவும் பள்ளிச் சம்பளமும், அவ்வேழைகளின் சனிக்கிழமைக் கூலியிலிருந்து முன்னமே எடுக்கப்பட்டவை. தாம் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும் வினாவிற்கு வேலு நாயக்கர் விடை அறியாது திகைக்கின்றார். பானை காட்டப்பட்டிருந்தால் விடை அத்துணை அரிதாயிராது.

நம் சீமையில் 1923-இற் போலீஸாராற் சுடப்பட்டு மாண்ட ஜம்புலிங்கத்தைப் பற்றிக் கதைப்பாடல் உண்டு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தான் என்று பாடுவதில் மக்களுக்கு ஓர் இன்பம். அவ்விலக்கணத்தைச் சாராய வியாபாரிக்குச் சாத்துவதுதான் பொருந்தவில்லை. அவன் பறிப்பது இல்லாதவனிடமே.

கலை பிரசாரமாக வேண்டும் என்பது நம் கருத்தோ என்று இலக்கிய மாணவர் கேட்கலாம். அன்று. பிரசாரம் வேண்டுமெனின் 'ஸ்கார்ஃபே'ஸின் தூக்குமேடையே போதுமே! தள்ளுவண்டிக் காட்சியில் ஒரு சொல் உபதேசம் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துக் காட்டியதே அதன் பெருமை. கதை முழுமை பெற வேண்டுமெனின் காசு எங்கிருந்து புறப்பட்டதோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். ரௌல் வால்ஷ் 1939-இல் எடுத்த 'ரோரிங் ட்வென்டீஸ்' போரினின்று மீண்டு வேலையற்று நின்ற ஒருவன் இத்தொழிலில் வீழ்ந்த வகையைப் பொறுமையாகக் காட்டிற்று. விற்பவன் எங்ஙனம் உண்டாகின்றான் என்பதற்கு அப்பொறுமை கிடைத்ததுபோல், வாங்குபவனுக்கும் ஒருவர் அதைத் தரலாகாதா?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெதனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்றுவரும் மாநிலத்தில், அதனினும் மலிவாக ஒரு பொட்டலம் தேடிப் போனவர் அவர். மாண்டோர் கூலி வேலை செய்தோர். ஒரே வீட்டிற் கணவனும் மனைவியும் போனதுண்டு. இதைக் கதையாக எழுத நினைப்பவர் காய்ச்சியவன் வீட்டிற்குப் போவதன் முன் கருணாபுரத்துத் தெருவிற்குப் போவாராக. அன்று காலை கூலியாக எவ்வளவு வந்தது, பொட்டலத்திற்கு எவ்வளவு போயிற்று, வீட்டிற்கு எவ்வளவு மிஞ்சிற்று என்று அங்குள்ளோர் சொல்லுவர்.