கும்பகோணம் 94: நினைவு மண்டபம் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும்தானா?

ஒவ்வொரு ஜூலை 16-ம் தேதியும் அதே காட்சிதான். கும்பகோணம் காசிராமன் தெருவில், பள்ளி இருந்த கட்டடத்தின் முன்னால் 94 குழந்தைகளின் படங்கள். பூ, மெழுகுவர்த்தி, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம். அங்கிருந்து பாலக்கரை நினைவு மண்டபத்தில் அஞ்சலி. சாயங்காலம் மகாமகக் குளத்தில் மோட்ச தீபம். மறுநாள் செய்தி வரும். அதோடு அடுத்த ஜூலைதான்.

மீதி 364 நாள் அந்த மண்டபம் யாருக்கு?

அன்று என்ன நடந்தது?

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சத்துணவு சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பறைகளுக்கு மேலே இருந்ததும் கீற்றுக் கூரைதான். இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள், 18 பேர் காயத்தோடு தப்பினார்கள். எல்லாருமே தொடக்கப் பள்ளி வயசு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் குழந்தைகள் இன்று இருந்திருந்தால், இதைப் படிக்கிற உங்களில் பலரோட வயசுதான். ஆபீஸ், இஎம்ஐ, கல்யாணப் பேச்சு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அதுக்கப்புறம் எதுவுமே மாறலையா?

மாறியது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை கமிஷன் அமைந்தது. 2009-ல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் சேர்த்துதான் என்று சொன்னது. தீயணைப்புக் கருவிகள் எல்லாப் பள்ளிக்கும் கட்டாயமானது. அதாவது, இன்று இந்தியாவில் எந்த ஸ்கூல் சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்கினாலும், அதுக்குப் பின்னால் காசிராமன் தெரு இருக்கு.

தண்டனை விஷயம் வேறு கதை. 2014-ல் தஞ்சாவூர் கோர்ட் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் ஐகோர்ட் அதை, ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்று குறைத்தது.

சரி, ஆரணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. ஆரணி மாதிரி ஊரில், தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசைக் கட்டித்தான் பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கிறார்கள். அட்மிஷன் அன்று என்ன கேட்கிறோம்? ஃபீஸ் எவ்வளவு, இங்கிலீஷ் மீடியமா, வேன் எங்க தெரு வரைக்கும் வருமா. ரெண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கு என்று எத்தனை பேர் கேட்கிறோம்? அந்த சிலிண்டரை எப்போ கடைசியா ரீஃபில் பண்ணாங்க என்று கேட்டால், நம்மளையே விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

ஸ்கூல் டூர் போகாத ஊரா கும்பகோணம்? கோயில், தாராசுரம், டிகிரி காபி எல்லாம் லிஸ்டில் இருக்கும். அந்த லிஸ்டில் பாலக்கரையும் இருக்கணும். பிள்ளைகளைவிட முக்கியமாக பள்ளித் தாளாளர்கள், கட்டட அனுமதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள் அங்கே ஒரு தடவை நிற்கணும். தீ எங்கே ஆரம்பித்தது, படிக்கட்டு எவ்வளவு அகலம், எந்தெந்த விதியை யார் கண்டுக்காமல் விட்டார்கள் என்று அந்த இடமே அவர்களுக்குச் சொல்லணும்.

துக்கத்தைப் பாடமாக்குவது சரியா?

நியாயமான கேள்வி. அது பெற்றோர் அழுவதற்கான இடம், அதில் நாம் வகுப்பு எடுக்கலாமா? ஆனால் ஜூலை 16-ஐக் குழந்தைகள் பாதுகாப்பு தினமாக அறிவிக்கணும் என்று வருஷக்கணக்கில் கேட்டு வருவதே அந்தப் பெற்றோர்தான். தங்கள் பிள்ளை போன காரணம் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் அவர்கள் கேட்பது.

ஹரியானாவின் டப்வாலியில் 1995-ல் பள்ளி விழாவில் பிடித்த தீயில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நினைவிடத்தோடு நூலகமும் அமைத்தார்கள். தினமும் ஆள் வந்து போகிற இடத்தில் நினைவும் சேர்ந்தே இருக்கும்.

மலர் வைப்பது அவர்களுக்காக. நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளையோட ஸ்கூலுக்குப் போய் ரெண்டாவது படிக்கட்டைத் தேடுவதும் அவர்களுக்காகத்தான்.