முதிய ஆண்களின் நீர்ச் சிக்கல்: செவிலியரிடம் ஒப்படையுங்கள்

அறுபதைக் கடந்த ஆண் இரவில் நான்கு முறை எழுந்தால், 'வயசாச்சுல்ல' என்று வீடு சொல்லிவிடுகிறது. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். பேருந்தில் போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். இருட்டில் கொல்லைப்பக்கம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே எலும்புக்கு வைத்தியம் நடக்கிறது. ஏன் எழுந்து போனார் என்பதைப் பலநேரம் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர் செவிலியர். அதற்கான பொறுப்பையும் பயிற்சியையும் அரசு அவருக்கு முறையாக வழங்க வேண்டும்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பெருக்கத் தொடங்குகிறது. இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அறிகுறியை மட்டும் வைத்து எது என்று சொல்லிவிட முடியாது.

ஒரு முதியவருக்குச் சிறுநீர் ஓயாமல் சொட்டுகிறது. அடக்க முடியவில்லை போலும் என்று குடும்பம் டயாப்பர் கட்டிவிடுகிறது. உண்மையில் அவருடைய சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம். அடைப்பு நீடித்தால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகமே பழுதாகும். அடிவயிற்றில் கைவைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியர், கல் போல் மேலெழுந்து நிற்கும் அந்தப் பையை அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். சளிக்கு என்று கடையில் வாங்கிய மாத்திரைதான் நேற்றிரவு நீரை அடைத்தது என்பதும் அவர் கேட்டால்தான் தெரியவரும்.

உலகெங்கும் சிறுநீரியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 7 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், தாரை மெலிந்திருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்ற வகையில். மொத்த மதிப்பெண் 35. எட்டைத் தொட்டாலே மருத்துவர் பார்க்க வேண்டும். கருவி வேண்டாம், ஊசி வேண்டாம்; சில நிமிடங்கள் போதும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அதே வாசலில் இந்தக் கேள்விகளையும் கேட்கலாம். அத்திட்டத்தில் வீடு தேடி வரும் பக்கத்துத் தெருப் பெண் தன்னார்வலரிடம் ஒரு தாத்தா இதைச் சொல்லத் தயங்குவார் என்பது உண்மை. அங்கே ஆண் செவிலியரோ சுகாதார ஆய்வாளரோ போகட்டும்.

எல்லா முதியவருக்கும் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று நாம் கோரவில்லை. வெறும் வீக்கத்திலும் நோய்த்தொற்றிலும்கூட அந்த அளவு உயரும்; தேவையற்ற திசுப் பரிசோதனையில் கொண்டுபோய் நிறுத்தும். வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையோ அதே அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அந்த மாத்திரையைச் செவிலியர் குறித்துவைக்காவிட்டால் ஆபத்தான முடிவும் நல்ல முடிவாகத் தோன்றிவிடும்.

சிறுநீர் வடியக் குழாய் பொருத்தப்பட்டு வீடு திரும்புகிறவர்களின் நிலை இன்னும் மோசம். மூத்திரப் பையை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் கட்டில் தலைமாட்டு ஆணியில் மாட்டுகிறார்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. உயர்த்தினால் வெளியேறிய நீர் கிருமியோடு உள்ளே திரும்பும். இதை வீட்டாருக்குச் செய்துகாட்டப் பத்து நிமிடம் ஆகும். ஒரு வார்டு முழுவதையும் ஒரே செவிலியர் தலையில் கட்டிவிட்டால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் எங்கே போவார்? காலிப் பணியிடங்களை நிரப்பாமல் செவிலியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகிறது; முதுகு வலிக்கத் தொடங்குகிறது. நம் ஊரில் அந்த முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறோம், 'வாயு' என்கிறோம். இந்நோய் உள்ளவருக்கு முதுகுவலியோடு கால் தளர்ந்தால் அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனையில் சேர்க்காவிட்டால் அவர் மறுபடி நடக்காமலே போகலாம். வீட்டுக்கு வரும் செவிலியருக்கு இது தெரிந்திருந்தால் அந்தக் கால்களைக் காப்பாற்றலாம்.

2020-ல் 14 லட்சமாக இருந்த புதிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 2040-ல் ஆண்டுக்கு 29 லட்சமாக உயர்வார்கள் என்கிறது லான்செட் ஆணையத்தின் உலகக் கணிப்பு. ஆயுள் கூடக் கூட நம் மாநிலத்திலும் இந்த நோயாளிகள் பெருகுவார்கள். 7 கேள்விகளைத் தமிழில் அச்சிட்டு வீட்டுப் பார்வைப் படிவத்தில் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை; சுகாதாரத் துறை அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும். வட்டாரந்தோறும் குழாய்ப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.