‘இங்கே நடக்காது’ என்றால் எந்த ‘இங்கே’?

பாசிசம் பற்றிப் பேச்சு வந்தாலே நம் வாசிப்பு வட்டங்களில் ஆர்வெல்லின் ‘1984’ வந்துவிடும். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே வெளிவந்த இன்னொரு நாவலையும் நாம் படித்தாக வேண்டும். சிங்க்ளேர் லூயிஸ் 1935இல் எழுதிய ‘இட் கான்ட் ஹேப்பன் ஹியர்’. ‘இது இங்கே நடக்காது’ என்று பொருள்.

கதை அமெரிக்காவில் நடக்கிறது. பஸ் விண்ட்ரிப் என்ற செனட்டர் 1936 அதிபர் தேர்தலில் நின்று வெல்கிறார். ராணுவப் புரட்சி எதுவும் இல்லை, மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்ற வாக்குறுதியும் ‘மறக்கப்பட்ட மனிதர்களுக்காக’ என்ற முழக்கமும் அவரை ஜெயிக்க வைக்கின்றன. பதவிக்கு வந்ததும் நாடாளுமன்றத்தைப் பல் பிடுங்குகிறார். ‘மினிட் மென்’ என்ற அடியாள் படை கையில் ஆயுதம் வருகிறது, வதை முகாம்கள் திறக்கின்றன. வெர்மான்ட் சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர் டோரமஸ் ஜெஸ்ஸப், தன்னைப் போன்ற ‘நல்லவர்கள்’ சும்மா இருந்ததே இதற்குக் காரணம் என்று தாமதமாக உணர்கிறார்.

2016இல் டிரம்ப் வென்றதும் இந்நாவல் மறுபடி பரபரப்பாக விற்றது. ‘மறக்கப்பட்டவர்கள்’ என்ற சொல் அவரது வெற்றி உரையிலும் இருந்தது. 2021 ஜனவரி 6இல் அவரது ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு, 2025இல் திரும்பப் பதவியேற்ற அன்றே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். மினிட் மென் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் ஒப்பீடு முழுதாகப் பொருந்தவும் இல்லை. 2020 தேர்தல் முடிவை மாற்ற நீதிமன்றங்கள் சம்மதிக்கவில்லை. அவரது சொந்தக் கட்சி அதிகாரிகள் சிலரே மறுத்தார்கள்.

நமக்கு முக்கியமான இடம் வேறு. விண்ட்ரிப்பின் 15 அம்சத் திட்டத்தில் ஒன்று, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, அரசுப் பதவி கிடையாது, வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ தொழில் செய்யக் கூடாது என்கிறது. 1935இன் வெள்ளை வாசகருக்கு அது வரப்போகும் பயங்கரம். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அதில் பெரும்பகுதி அன்றாட வாழ்க்கை. ஓட்டுப் போடப் போனால் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு. அதையும் மீறினால் கும்பல் கொலை. 1934இல் இனச் சட்டம் வகுக்க உட்கார்ந்த நாஜி சட்ட வல்லுநர்கள் அமெரிக்காவின் கலப்புமணத் தடைச் சட்டங்களை ஆராய்ந்தார்கள். நியூரம்பர்க் சட்டங்கள் 1935 செப்டம்பரில் வந்தன, நாவல் அடுத்த மாதம் வந்தது. ஜெர்மனியின் நோய் அமெரிக்காவுக்கு வருமா என்று நாவல் கேட்டது. நோயின் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்துதான் போயிருந்தது.

விண்ட்ரிப் போன்ற ஒருவர் வந்தால்தான் உரிமை பறிபோகும் என்றும் இல்லை. போராடிப் பெற்ற 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பாதுகாப்பை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அதே நாளில் டெக்சாஸ் தன் கடுமையான வாக்காளர் அடையாளச் சட்டத்தை அமலாக்குவதாக அறிவித்தது. அப்போது அதிபர் ஒபாமா.

இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தனிப் பாடம் தேவையில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒருவரை நிலையாக உட்காரவிடாமல் 1996 முதல் 2006 வரை தடுத்தார்கள். அதற்குச் சர்வாதிகாரி யாரும் தேவைப்படவில்லை. ஆதிக்கச் சாதியின் ஊர்க்கட்டுப்பாடு போதுமானதாக இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 உரையில் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்தே வைத்தார். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் முடியும் என்பது ஒன்று. சமூகத்தில் சமத்துவம் இல்லாவிட்டால் அரசியல் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்பது இன்னொன்று. லூயிஸ் முதலாவதை அருமையாக எழுதினார். இரண்டாவதை ஜெஸ்ஸப்பின் ஜன்னல் வழியே அவரால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ஆகவே தோழர்களே, நாவலையும் அந்த உரையையும் சேர்த்துப் படியுங்கள். அரசமைப்பு இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, இங்கே அதெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால், யாருக்கு நடக்காது என்று கேளுங்கள். ஊரிலா, சேரியிலா என்றும் கேளுங்கள். சேரியில் நடந்தபோது ஊர் தடுத்திருந்தால், நாளை ஊருக்குள் வரும்போது தடுக்க ஆள் இருக்கும்.