விளையாட்டுப் பகுதி: மட்டை நரம்பின் தளர்ச்சி

இறகுப்பந்து மட்டையின் நரம்பை, அது அறுந்தாலன்றி நாம் கவனிப்பதில்லை. ஆயினும் கட்டிய நாள் முதலே அது தளரத் தொடங்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 28 பவுண்டு விசையில் இழுத்துக் கட்டப்படும் நைலான் நரம்பு, மட்டை சுவரில் தொங்கும்போதும் மெல்ல நெகிழ்கிறது. ஆடும்போதோ ஒவ்வோர் அடியிலும் நீண்டு சுருங்கி, குறுக்கிடும் இடங்களில் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கிறது. கடும் வெப்பமும் தளர்ச்சியை விரைவாக்கும். தளர்ந்த நரம்பில் பந்து சற்றுக் கூடுதலாகத் தங்குவதால் குறி தவறும். எனவே, ஆட்டம் குன்றியதென்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் நரம்பை விரலால் சுண்டிப் பாருங்கள். புதிதாய்க் கட்டியபோதிருந்த ஒலி தாழ்ந்திருப்பின், குறை மட்டையிலும் இருக்கலாம். ஒரு நரம்பு அறுந்தால், மற்றவற்றையும் நடுவிலிருந்து தொடங்கி உடனே வெட்டிவிடுக. இல்லையேல் சமனற்ற இழுப்பால் சட்டமே கோணிவிடும்.