சின்ன கேபினெட்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? முதலில் ஸ்கேலை எடுங்கள்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் பல கடைகளில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர்... ஏதோ ஓர் அலுவலகத்தில் சில வருடம் எக்செல் ஷீட் ஓட்டிவிட்டு, மொத்தமாகக் கழித்துவிடப்பட்டவை. புது கம்ப்யூட்டர் வாங்கும் அளவுக்குப் பட்ஜெட் இல்லாத வீடுகளுக்கு இவை பெரிய உதவி. ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், டேலி எல்லாம் தடையில்லாமல் ஓடும்.

சிக்கல் கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும். "அம்மா, ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா போதும்மா, பிளெண்டர் கத்துக்கலாம்" என்று மகள் கேட்பாள். மகன் என்றால் கேம் பெயரைச் சொல்வான். யூடியூபில் நாலு வீடியோ பார்த்து, 'பெஸ்ட் பட்ஜெட் கார்டு' என்று யாரோ சொன்னதை ஆர்டர் போடுவார்கள். வந்து பிரித்தால், கார்டு கேபினெட்டைவிட உயரமாக இருக்கும். மாத பட்ஜெட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுக்கிய பணம் அது. பிரித்த கார்டைத் திரும்ப வாங்கச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறும்.

பெரிய கேபினெட்டில் கார்டைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். சின்ன கேபினெட்டில் அது நடக்காது. பெட்டி எதை அனுமதிக்கிறதோ, அதுதான் உங்கள் கார்டு.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஒரே மாடல் பெயரில் டவர், எஸ்எஃப்எஃப், மைக்ரோ என்று மூன்று அளவுகளில் பெட்டிகள் வரும். டிபன் பாக்ஸ் சைஸில் இருக்கும் மைக்ரோ, மினி, டைனி வகைகளில் பொதுவாக கிராபிக்ஸ் கார்டு போட இடமே கிடையாது. அது தெரியாமல் கார்டுக்குப் பணம் சேர்ப்பவர்களும் உண்டு. எஸ்எஃப்எஃப் என்றால் 'லோ புரொஃபைல்' கார்டு மட்டும்தான் உட்காரும். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு சுமார் 12 சென்டிமீட்டர் உயரம். லோ புரொஃபைல் தகடு சுமார் 8 சென்டிமீட்டர். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஸ்கேல் வைத்தாலே தெரிந்துவிடும்.

மூடியைக் கழற்றிய கையோடு கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டையும் பாருங்கள். சில மாடல்களில் அது எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அங்கே இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள, அதாவது சுமார் 4 சென்டிமீட்டர் பருமனான கார்டு இறங்காது. ஒற்றை ஸ்லாட் கார்டுதான் வழி. நீளமும் முக்கியம். 17, 18 சென்டிமீட்டர் நீள லோ புரொஃபைல் கார்டுகள் சகஜம். ஹார்ட் டிஸ்க் வைக்கும் கூண்டு குறுக்கே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கரன்ட் விஷயம். ஆளை ஏமாற்றுவது இதுதான். எஸ்எஃப்எஃப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் 180 முதல் 260 வாட் வரைதான். கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் ஒயர் பெரும்பாலும் இருக்காது. எனவே மதர்போர்டு ஸ்லாட் மூலம் வரும் மின்சாரத்திலேயே கார்டு ஓட வேண்டும். அதன் உச்ச வரம்பு 75 வாட். சில அலுவலக மாடல்கள் அதைவிடக் குறைவாகவே தரும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும் கையேட்டில் அது இருக்கும். 'எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக்கொள்ளலாமே' என்று தோன்றும். இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் வடிவமும் கனெக்டரும் பல மாடல்களில் அந்தந்த கம்பெனிக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது.

இத்தனையும் தாண்டி மிஞ்சும் கார்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

புதிதாக வாங்க முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட் போதும், லோ புரொஃபைல் வடிவிலும் கிடைக்கிறது. பிளெண்டர் பழகும் மகளுக்கு இதுவே நல்ல தேர்வு. ஆனால் இதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு; அது 130 வாட் கேட்கும், தனி ஒயரும் வேண்டும். ஆர்டர் போடும்போது அந்த ஓர் எண்ணைத் தவறவிட்டால் கதை முடிந்தது.

செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650. 2019-ல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். இதிலும் சில தயாரிப்புகளில் 6 பின் சாக்கெட் இருக்கும் என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றை ஸ்லாட்தான் இறங்கும் என்றால் ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6400 இருக்கிறது. வெறும் 53 வாட். ஆனால் இதைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இது மதர்போர்டுடன் நான்கே பாதைகளில் பேசும் கார்டு. பிசிஐஇ 4.0 உள்ள புதிய போர்டில் சரி; பழைய அலுவலக கம்ப்யூட்டர்களில் பிசிஐஇ 3.0 என்பதால் அந்த வேகமும் பாதியாகும், கனமான கேம்களில் திணறும். வீடியோ என்கோடர் வசதியும் இதில் இல்லை. கேமை ரெக்கார்டு செய்து யூடியூபில் போடும் ஆசை இருந்தால் யோசிக்க வேண்டும்.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 கார்டுகளின் விலை கண்ணை இழுக்கும். 'ரீசைசபிள் பார்' என்ற வசதி பயாஸில் இருந்தால்தான் அவை ஒழுங்காக ஓடும். பழைய ஆபீஸ் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

இன்னும் மலிவாக ஜிடி 1030 என்று கடைக்காரர் எடுத்துக் காட்டலாம். ஒரே பெயரில் இரண்டு ரகம் அதில். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது விநாடிக்கு 48 ஜிபி தரவைக் கையாளும். டிடிஆர்4 உள்ளது 17 ஜிபியைக்கூடத் தொடாது. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வித்தியாசம் இது. தவிர, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரை. ஜிடி 730 இன்னமும் விற்கிறார்கள். 2014-ன் சரக்கு அது. அதற்குச் செலவழிக்கும் பணத்துக்குப் பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிடலாம்.

உண்மையில் சிலருக்குக் கார்டே தேவைப்படாது. வேலோரண்ட் விளையாட இன்டெல் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே குறைந்தபட்சத் தேவைக்குப் போதும். ஒற்றை ரேம் மட்டும் இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். ரேமைப் பகிர்ந்துகொள்ளும் அந்த கிராபிக்ஸுக்கு நல்ல தெம்பு வரும். செலவும் குறைவு. மாறாக, கார்டின் விலை கம்ப்யூட்டரின் விலையை நெருங்கினால், இந்தப் பெட்டியை விற்றுவிட்டு டவர் மாடலுக்கு மாறுவது புத்திசாலித்தனம். லோ புரொஃபைல் கார்டுகள் அரிதாகக் கிடைப்பதால், அதே சிப் உள்ள சாதாரண கார்டைவிடப் பெரும்பாலும் விலை கூடுதல்.

பழைய கார்டு வாங்கும்போது குட்டைத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். புதிய பெட்டியில் உயரத் தகடு, குட்டைத் தகடு இரண்டும் தருவார்கள். கை மாறும்போது குட்டைத் தகடு காணாமல் போயிருக்கும். அது இல்லாமல் கார்டு ஆடிக்கொண்டே நிற்கும். பழைய சிப்பை 1050 டிஐ என்று காட்டும்படி மாற்றி விற்கும் போலிகளும் உலவுகின்றன. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல போலிகளை அது காட்டிக்கொடுத்துவிடும். தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வீட்டு மானிட்டரின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால், இந்தக் கார்டுகளில் அந்த வாய் இருக்காது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டரும் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். மாட்டி முடித்த பிறகு கேபிளைக் கார்டில் செருகுங்கள், பழைய பழக்கத்தில் மதர்போர்டில் அல்ல.