விலைக்கு வாங்கிய புராஜெக்ட்



தியாகராய நகரில் விலைக்குக் கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். உஸ்மான் சாலையில் பொன்னும் பட்டும், பாண்டி பஜாரில் ஆயத்த ஆடைகளும், ரங்கநாதன் தெருவில் பாத்திரம் பண்டங்களும் மலைபோல் குவிந்து விற்பனையாவதை நாம் அறிவோம். அக்கடைத்தெருக்களை ஒட்டிய மாடிகளில் வேறொரு வாணிபமும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. பெற்றோரில் பலர் அதனை அறியார். கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் தம் கையால் செய்து முடிக்கவேண்டிய புராஜெக்டை, அச்சிட்டுக் கட்டிய அறிக்கையோடும் வாய்மொழித் தேர்வுக்குரிய வினாவிடைகளோடும் ஆயத்தமாக விற்கும் நிலையங்களே அவை. உண்மையாகவே கற்பித்து வழிகாட்டும் நிலையங்களும் அவற்றுள் உண்டு. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கற்பிக்காமல் விற்பவற்றைப் பற்றியே இம்மாதம் சிந்திக்கப் போகிறோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. தகவல் தொழில்நுட்பத்தில் பி.டெக். இறுதியாண்டு பயிலும் இளைஞர் ஒருவர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஃபாதர், வகுப்பில் நிறையப் பேர் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். நானும் வாங்கினால் அது பாவமா?" என்று கேட்டார். கேட்கவேண்டும் என்று தோன்றியதே அவருடைய மனச்சான்று உயிரோடிருப்பதற்கு அடையாளம். அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரித்துரைக்கிறேன். ஏனெனில் இக்கேள்வி மாணவரை மட்டுமன்று, நம் வீடுகளையும் சேர்ந்தது.

முதலில், இப்படிப்பு எத்தகையது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ளுதல் நலம். பி.டெக். எனில் நான்காண்டுகள், எட்டுப் பருவங்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி., பி.சி.ஏ. எனில் மூன்றாண்டுகள், ஆறு பருவங்கள். கணிப்பொறியை இயக்கப் பழகுவதே இப்படிப்பு என்று எண்ணுவோர் உளர். அது ஒரு மாதத்தில் எவரும் பழகக்கூடிய காரியம். இங்கே கற்கவேண்டியது வேறு. ஒரு பெரிய சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கவும், ஒவ்வொரு படியையும் ஐயத்துக்கு இடமின்றிக் கட்டளையாக எழுதவும், அக்கட்டளைத் தொகுதியாகிய நிரல் எங்கே பிசகும் என்று முன்கூட்டியே நினைக்கவும் மனத்தைப் பயிற்றுவதே இக்கல்வி. இதற்காகவே கணிதம் வருகிறது. விவரங்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, அவற்றைத் தேடியெடுக்கும் தரவுத்தளம், இயந்திரத்தை ஆளும் இயக்க முறைமை, கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பு என்று பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இவையனைத்தையும் ஒன்றுசேர்த்து, 'உன்னால் தனியே ஒன்றைச் செய்ய முடிகிறதா?' என்று சோதிப்பதே புராஜெக்ட். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டில் இருந்தது கறியாகும் இடம் இதுவே. அதை விலைக்கு வாங்குகிறவர், நான்காண்டுக் கல்வியின் பயனையே விற்றுவிடுகிறார்.

எனினும் பிள்ளைகளை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. அந்த மாடிப்படி ஏறுகிறவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்று, கல்லூரியில் திடீரென ஆங்கிலப் பாடத்தில் மூழ்கித் திணறியவர் சிலர். முதல் பருவத்திலேயே கணிதத்தில் அரியர் விழ, அதன்மேல் மற்றொன்று சேர, வீட்டில் சொல்ல அஞ்சி மறைத்தவர் சிலர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றதால் ஐயம் கேட்க ஆளின்றித் தவித்தவர் சிலர். இவர்களெல்லாம் இறுதியாண்டில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அப்போது, 'கவலைப்படாதே, நாங்கள் முடித்துத் தருகிறோம்' என்னும் குரல் தேவதூதனின் குரலாகவே கேட்கிறது.

மயிலாப்பூர்ப் பக்கத்தில் இட்லிக் கடை நடத்தி மகனைப் பொறியியல் படிக்கவைத்த தாய் ஒருவரை நான் அறிவேன். வங்கிக் கடன் போதாமல் கழுத்துச் சங்கிலியும் அடகுக்குப் போயிற்று. மகன் பட்டம் பெற்றான். புராஜெக்டிற்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். "விவரங்களை ஏன் இத்தனை அட்டவணைகளாகப் பிரித்தாய்? ஒன்றாகவே வைத்திருந்தால் என்ன கெடும்?" எளிய கேள்வி. செய்தவன் எவனும் சொல்லிவிடுவான். இவனோ வாய் திறக்கவில்லை. அடுத்த இடத்திலும், அதற்கடுத்த இடத்திலும் அதுவே நேர்ந்தது. "பதில் வரும்மா" என்று எட்டு மாதம் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மை தெரிந்த அன்று அந்தத் தாய் அவனை வையவில்லை. "நாலு வருஷம் என்னப்பா படிச்சே?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று பின்னாளில் அவன் என்னிடம் சொன்னான்.

அவனுக்குப் பங்கு அலுவலகத்தில் ஒரு வேலை கொடுத்தேன். ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயரைச் சொன்னவுடன் பக்கத்தைக் காட்டும் தேடுபட்டியல் ஒன்றைச் செய்து தரும்படி கேட்டேன். திருமணத்திற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டி வருகிறவர்களுக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போகும் எங்கள் அலுவலக உதவியாளரின் துன்பம் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் முடிப்பேன் என்றான். முதல் நாளே இடறினான். பள்ளிச் சான்றிதழில் ஜோசப் என்றிருப்பவர் பதிவேட்டில் சூசை என்றிருக்கிறார். அவருடைய பாட்டனாரோ இலத்தீனில் யோசேஃபுஸ் என்றிருக்கிறார். இராயப்பனும் பீட்டரும் ஒருவரே, சின்னப்பனும் பவுலும் ஒருவரே, அருளப்பனும் ஜானும் ஒருவரே என்று கணிப்பொறிக்கு யார் சொல்வது? விலைக்கு வாங்கும் எந்த நிரலும் இதை அறியாது. பெயர்களைத் தொகுத்தான். தவறினான், அழித்தான், மீண்டும் எழுதினான். கல்லூரியில் படிக்காமல் விட்ட தரவுத்தளப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்தான். ஐந்து மாதம் ஆயிற்று. ஒருவருடைய பிறப்பையும் பெற்றோரையும் பற்றிய விவரம் அலுவலகத்தைவிட்டு வெளியே போகலாகாது என்ற பொறுப்பையும் அப்போதே கற்றான். பின்னர் ஒரு சிறு நிறுவனத்தில், சிறு சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே நேர்முகத் தேர்வில் சூசையின் கதையைத்தான் விளக்கினானாம்.

இத்தகைய சிக்கலை நம் திருச்சபையில் வேறொருவரும் சந்தித்திருக்கிறார். இத்தாலி நாட்டு இயேசு சபைக் குருவாகிய ரொபேர்த்தோ பூசா, புனித தாமஸ் அக்குவினாரின் நூல்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் அகராதி வேண்டும் எனக் கண்டார். கையால் செய்தால் ஓர் ஆயுள் போதாது. 1949இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அப்பணி ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் 56 தொகுதிகளாக அச்சேறின. ஒரே சொல்லின் பல வடிவங்களையும் ஒன்றென்று அறிந்து சேர்க்கும் வேலையை இயந்திரம் தானே செய்துவிடவில்லை. மனிதர் அமர்ந்து சிந்தித்தே செய்யவேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளுக்கும் ஒரு முன்னோடி உண்டு. அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர்களுள் அவர் ஒருவர். துறவு மடத்திலிருந்து சென்று இத்துறையைக் கற்றவர், பின்னர் கிளார்க் கல்லூரியில் அத்துறையையே தோற்றுவித்தார்.

இனி, 'பாவமா?' என்ற கேள்விக்கு வருவோம். ஆம், அது பொய். அதோடு அநீதியும் ஆகும். பிறர் செய்ததைத் தான் செய்ததாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது பொய். இரவெல்லாம் விழித்துத் தானே செய்து, குறைகளோடு சமர்ப்பித்துக் குறைந்த மதிப்பெண் பெற்ற அடுத்த இருக்கை மாணவனுக்குச் செய்வது அநீதி. இவற்றினும் பெரியது, நாளை அவருடைய நிரலை நம்பப்போகும் மக்களுக்கு நேரும் அநீதி.

இது மிகையன்று. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சில மருத்துவமனைகளில் 'தெராக்-25' என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் புற்றுநோயாளிகள் ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் குறைந்தது மூவர் அதனால் மாண்டனர். காரணங்களைத் துருவிப் பார்த்தபோது, முந்தைய இயந்திரங்களின் நிரற்பகுதிகளை எடுத்துக் கையாண்டிருந்தது தெரிந்தது. பழைய இயந்திரத்திலும் அப்பிழை இருந்தது. ஆனால் அங்கே தனியாக அமைந்த பாதுகாப்புப் பூட்டுகள் தீங்கைத் தடுத்தன. புதிய இயந்திரத்தில் அப்பூட்டுகளை நீக்கி, நிரலையே நம்பிவிட்டார்கள். முழுதும் புரிந்துகொள்ளாமல் எடுத்தாண்ட நிரல் மனித உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா? வங்கியும், இரயிலும், மருத்துவமனையும் நிரல்களால் ஓடும் இந்நாளில், 'வெறும் புராஜெக்ட்தானே' என்று சொல்லலாமா?

இப்பொழுது தியாகராய நகர் மாடிப்படி ஏறவேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கைப்பேசியிலேயே நிரல் வந்து விழுகிறது. அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புரியாததை விளக்கும்படி கேட்கலாம். தான் எழுதியதில் பிழை காட்டும்படி கேட்கலாம். தான் விளக்க முடியாத ஒரு வரியையும் தன் பெயரில் சமர்ப்பிக்கலாகாது. இதுவே அளவுகோல். நம் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் இளமையில் கணிதம் பயின்று 1977இல் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டபின், தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்ட காரணத்தைக் கர்தினால்மாருக்கு விளக்கினார். 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் வரைந்த பதின்மூன்றாம் சிங்கராயரை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவின் காலத்தில் மனித மாண்பையும் உழைப்பையும் காக்கவேண்டிய கடமையை அவர் சுட்டினார். உழைப்பின் மாண்பு தொழிற்சாலையில் மட்டும் தொடங்குவதன்று; மாணவனின் மேசையிலேயே தொடங்குகிறது.

பெற்றோர்களே, உங்களுக்குச் சில சொற்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நினையுங்கள். கட்டணத்தையும் கடனையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. பிள்ளையின் மனவிருப்பத்தையும் கணிதத்தில் அவனுக்குள்ள பிடிப்பையும் கணக்கிடவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பி.டெக். சேர்ந்தான் என்பது காரணமாகாது. விருப்பத்தோடு படிக்கும் மூன்றாண்டுப் பி.எஸ்சி., விருப்பமின்றிச் சுமக்கும் நான்காண்டுப் பி.டெக்.கை விட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

"எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "இந்த வாரம் என்ன செய்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். நீங்கள் கணிப்பொறி அறியாதவராயினும் கேளுங்கள். அறியாதவருக்கு விளக்கத் தெரிந்தவனே உண்மையில் கற்றவன். அரியர் விழுந்ததாகப் பிள்ளை சொன்னால், அன்று மாலை வீட்டில் புயல் எழாதிருக்கட்டும். முதல் அரியரைச் சொல்ல அஞ்சாத பிள்ளை, இறுதியாண்டில் மாடிப்படி ஏறவேண்டிய நிலைக்கு ஆளாவது அரிது.

மாணவர்களே, உதவிக்கு வழியில்லை என்று சொல்லாதீர்கள். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் அமைதியாகப் படிக்க இடமுண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியே இலவசமாகக் கிடைக்கின்றன. நம் அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி., 2020இல் வீட்டிலிருந்தே பயிலும் பட்டப்படிப்பைத் தரவு அறிவியலில் தொடங்கியது. அங்கும் பாடம் வீட்டில், தேர்வோ நேரில். எழுதியவர் யார் என்பது முக்கியம் என்று அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தரமணியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரிவோர் நம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம், பங்கு மன்றத்தில் ஒரு மேசையும் கரும்பலகையும் போதும். அரியர் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுங்கள். பசித்தவனுக்கு உணவிடுதல் இரக்கச்செயல் என்றால், அறியாதவனுக்குக் கற்பித்தலும் இரக்கச்செயலே என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோமன்றோ?

நாசரேத்தில் நம் ஆண்டவர் உளியைக் கையில் பிடித்தே தச்சுத் தொழிலைக் கற்றார். நம் பிள்ளைகளும் தம் கையால் செய்த சிறு வேலையைக் குறைகளோடேனும் தலைநிமிர்ந்து காட்டும் துணிவு பெறுவார்களாக. அவர்கள் கைகளின் உழைப்பை இறைவன் ஆசீர்வதிப்பாராக.