வெந்நீர் வரும்வரை வீணாகும் நீர்

பள்ளிவாசலில் உளூச் செய்யுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவரைக் கண்டால் நாம் கண்டிக்கிறோம். வீட்டில் ஷவரைத் திறந்து, வெந்நீர் வரும்வரை ஓடவிடும் நீரை மட்டும் எவரும் கண்டிப்பதில்லை. அதற்குக் ‘காத்திருப்பு’ என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். பெயரை மாற்றினால் விரயம் விரயமல்லாது போய்விடுமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். சூரிய வெந்நீர்க் கலன் மொட்டைமாடியில், குளியலறை தரைத்தளத்தில். இடையே 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால், இரவெல்லாம் அதில் ஆறிக் கிடக்கும் நீரே 4 லிட்டருக்கு மேல். அது வெளியேறிய பின்னும் குளிர்ந்த குழாய் சூடேறியாக வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’, அதாவது இரு கைகள் கொள்ளும் நீரில் உளூச் செய்தார்கள். நான்கு முதல் ஐந்து முத்து நீரில் குளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. இன்றைய அளவில் ஏறத்தாழ 3 லிட்டர். அண்ணலார் குளித்து முடித்ததைவிட அதிகமான நீரை, நாம் குளிக்கத் தொடங்குமுன்பே சாக்கடையில் விடுகிறோம்!

“எங்கள் கிணறு, எங்கள் மோட்டார், உங்களுக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. நிலத்தடி நீருக்கு மதில்சுவர் கிடையாது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர் என்கிறார் இமாம் நவவீ (ரஹ்). கடற்கரையிலேயே கிடைக்காத அனுமதி மொட்டைமாடித் தொட்டிக்கு எங்கிருந்து வந்தது?

வெந்நீரை நாம் குறை கூறவில்லை. குளிர்கால ஃபஜ்ருக்கு முன் குளிப்புக் கடமையானவருக்கு அது அருட்கொடை. நாம் கேட்பது ஒரு வாளி மட்டுமே. முதலில் வரும் நீரை அதில் பிடியுங்கள். அது தூய நீர். உளூச் செய்யலாம், துணி துவைக்கலாம், பின்னர் வரும் வெந்நீரோடு கலந்து குளிக்கவும் செய்யலாம். புதிதாக வீடு கட்டுவோர் கலனுக்கும் குளியலறைக்கும் இடையிலான குழாயின் நீளத்தைக் குறையுங்கள். அதற்கு வெப்பம் காக்கும் உறையிடுங்கள்.

அருட்கொடைகள் குறித்து மறுமையில் விசாரிக்கப்படுவோம் என நம்புகிறவர்கள் நாம். அந்த விசாரணையில் குளியலறைக்கு மட்டும் விலக்கு இல்லை. விரயத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.